ஒதுங்க இடமும் உடைமையுரிமையும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

வீடற்றோர் தம் நிலத்தில் கூடாரமிட்டுத் தங்குதற்கு நில உரிமையாளர் இசைவு தரலாமா என்பது, முதல் நோக்கில் ஒரு வினாவாகவே தோன்றுவதில்லை. தம் பொருளைத் தாம் விரும்பியவாறு பிறர்க்கு ஈதல் உடைமையின் இயல்பு. இடமின்றி வந்தார்க்கு இடந்தருதல் இல்லறத்தின் கடமை. எனினும் இன்றைய நகர வாழ்வில் உரிமையாளர், அண்டை அயலார், அரசு என்னும் முத்தரப்பினரும் இவ்வினாவில் முரண்பட்டு நிற்கின்றனர். அம்முரணின் அறவியல் அடிப்படையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் விடுதலையும்

மாந்தர் செய்யும் செயல் எதுவாயினும் அது ஓர் இடத்திலேயே நிகழ்தல் வேண்டும். உறங்குதலும் அவ்வாறே. சட்ட மெய்யியல் அறிஞர் ஜெரமி வால்ட்ரன், வீடின்மையையும் விடுதலையையும் இணைத்து 1991-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வெளிய உண்மையிலிருந்து ஓர் அரிய முடிவை வருவித்தார். தனியார் நிலத்தில் நுழைய உரிமையற்றவர்க்குப் பொது இடம் ஒன்றே எஞ்சுகிறது. அங்கும் உறக்கம் தடைசெய்யப்படின், அவருக்கு உறங்கும் விடுதலையே இல்லையென்றாகிறது என்பது அவர்தம் வாதம்.

இக்கருத்து ஏட்டளவில் நிற்பதன்று. ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் பொது இடங்களில் முகாமிடுவோர்க்குத் தண்டம் விதித்தது. தொடர்ந்து மீறுவோர் சிறை செல்லவும் அந்நகர விதிகள் வழிவகுத்தன. அத்தகைய விதிகள் அரசமைப்பு விலக்கும் கொடுந்தண்டனை ஆகா என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 28 அன்று ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பொது நிலம் இவ்வாறு அடைபடும்போது, தனியார் தரும் இசைவு இரக்கச் செயல் என்ற அளவைக் கடந்து, ஒருவர் சட்டத்தை மீறாமல் கண்மூடுதற்குரிய கடைசி வழியாகிறது. ஆகவே அவ்வழியையும் அடைக்க முற்படுவோர் அதற்கான காரணத்தைக் காட்டும் பொறுப்புடையர்.

அண்டை அயலாரின் மறுப்பு

அக்காரணம் பெரும்பாலும் அயலார் நலனின் பெயரால் கூறப்படும். கழிவுநீர், தீ, நோய், இரைச்சல் ஆகியவை வேலிக்குள் அடங்குவன அல்ல. ஆதலின் உடைமையுரிமை எல்லையற்றது என வாதிடுவது பொருந்தாது. ஆனால் இம்மறுப்பில் இருவகை உண்டு. ஒன்று, தங்குவதால் விளையும் தீங்கு பற்றியது. மற்றொன்று, வறியோர் கண்ணிற் படுதலையே தீங்காகக் கருதுவது. முன்னது அறத்தின்பாற்பட்ட முறையீடு. பின்னது அவ்வாறு ஆகாது. கழிப்பிடமும் குடிநீரும் தீத்தடுப்பும் அமைத்தால் நீங்கும் குறைக்கு, தங்குவோரையே நீக்குதல் தீர்வாகாது.

வாஷிங்டன் மாநிலத்தின் வுடின்வில் நகரில் எழுந்த வழக்கு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. தன் வளாகத்தில் வீடற்றோரின் கூடார முகாமுக்கு இடந்தர விழைந்த கிறித்தவச் சபையொன்றின் விண்ணப்பத்தை, நிலப் பயன்பாட்டு அனுமதிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருந்த நகராட்சி, பரிசீலிக்கவே மறுத்தது. இம்மறுப்பு மாநில அரசமைப்பு காக்கும் சமய உரிமைக்கு மாறானது என மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. சமய அமைப்புகள் தம் இடத்தில் வீடற்றோரைத் தங்கவைப்பதற்கு, பொதுநலமும் பாதுகாப்பும் கருதிய நிபந்தனைகளையன்றிப் பிறவற்றை உள்ளாட்சிகள் விதித்தலாகாது என 2010-இல் அம்மாநிலம் சட்டமும் இயற்றியது. எவ்வாறு தங்குவது என்பதை அரசு வரையறுக்கலாம். தங்கவே கூடாது எனல் வேறு. ஆயின் சமய அமைப்புக்குக் கிட்டிய இக்காப்பு, சமயச் சார்பின்றி இரங்கும் தனிமனிதர்க்கு ஏன் கிட்டலாகாது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இசைவின் இயல்பு

இந்தியச் சட்டத்தில் இத்தகைய இசைவு, 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் கூறும் 'உரிமம்' என்னும் வகையில் அடங்கும். அது நிலத்தில் உடைமை எதனையும் தாராது. பொதுவாக, தந்தவர் திரும்பப் பெறத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியவர் நிலத்தையே உரிமை கொண்டாடுவார் என்னும் அச்சம் பலரையும் தயங்கச் செய்கிறது. உரிமையாளரின் இசைவோடு தங்கியிருத்தல் எதிரிடை அனுபோகம் ஆகாது என்பது நிலைபெற்ற சட்டக் கொள்கை. ஆயினும் வெளியேற்றும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்வதால், அவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றது எனல் இயலாது.

உரிமையாளரைக் காக்கும் இவ்வியல்பே தங்குவோரின் துன்பத்திற்கும் காரணமாகிறது. திரும்பப் பெறத்தக்க இசைவில் வாழ்பவர் பிறர் மனநிலையை நம்பி வாழ்பவர். பம்பாய் நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் (1985), வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்று கூறிய இந்திய உச்ச நீதிமன்றம், முன்னறிவிப்போடு அவர்களை அகற்றலாம் என்றும் கூறியது. முன்னறிவிப்பு என்பது சிறு கடமையே. எனினும் அது எதிரே நிற்பவரை மனிதராக மதித்தலின் அடையாளம். பொது இடத்தில் அரசு மேற்கொள்ள வேண்டிய இக்கடமையிலிருந்து, அருள் கருதி இடந்தந்த தனியாரும் விலக்குப் பெறார்.

தமிழ் மரபின் ஒளி

திருக்குறள் விருந்தோம்பல், ஒப்புரவறிதல், ஈகை ஆகிய மூன்றையும் இல்லறவியலில் வைத்துப் பேசுகிறது. உடையார் கடமையாகவே இவை அங்குக் கருதப்படுகின்றன. வழிப்போக்கர்க்குத் திண்ணை விட்டு வீடு கட்டிய வழக்கமும் இம்மரபின் தொடர்ச்சியே. ஆனால் திண்ணை எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. சாதி அங்கும் காவலிருந்தது. தனியார் ஈகை தான் விரும்பியவரைத் தேர்ந்துகொள்ளும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மணிமேகலைக் காப்பியம் இக்குறையைக் கடந்து செல்கிறது. ஆதரவற்றோர் ஒதுங்கும் புகாரின் உலகவறவி, தனியார் மனையன்று, பொது அம்பலம். அமுதசுரபியேந்தி அங்குப் பசி தீர்த்த மணிமேகலை அவ்வளவில் நில்லாது, அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்குகிறாள். தனியொருத்தியின் அருள் அரசின் அறமாக மாறும் இடம் அது. உறங்க இடமற்றோர்க்குச் சிறையைக் காட்டும் காலத்தில், அக்காதை எதிர்த்திசையைக் காட்டி நிற்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

நில உரிமையாளர் வீடற்றோர்க்கு இடந்தரலாம்; தூய்மையும் பாதுகாப்பும் பேணுமாறு அரசு கேட்கலாம்; தடுத்தலாகாது. இடந்தந்தவர் கைம்மாறாக உழைப்பையோ பணிவையோ எதிர்பாராமலும், போதிய கால இடைவெளியின்றி வெளியேற்றாமலும் இருத்தல் அவர்க்குரிய அறம். தனியார் தரும் இடம் அரசின் கடமைக்கு ஈடாகாது. அது ஓரிரவின் தேவையைத் தீர்க்கும், உரிமையைத் தாராது. எனினும் தன் கடமையைச் செய்யாத அரசு, பிறர் ஈகையைத் தடுக்கும் தகுதியையும் இழந்துவிடுகிறது. தானும் தாராது, தருவாரையும் தடுக்கும் நகரில், நிலமற்றவர் கால்வைக்கும் இடமெல்லாம் குற்றமாகிவிடும் என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபாகும்.