தேரோட்டியின் இன்பம்





தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவருள் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் காத்தோர் உளர். அவர்களுள் முதியவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஓர் ஐயம் வினவினார். "ஐயா, பல்லாண்டுகள் பத்மினி வண்டி ஓட்டினேன். கியர் மாற்றிக் கிளச்சை விடும்போது வண்டி குலுங்காமல் புறப்பட்டால் உள்ளம் மகிழும். அம்மகிழ்ச்சியும் ஆசைதானா? அதையும் துறத்தல் வேண்டுமா?" என்றார்.

நல்ல வினா. ஆராய்ந்து விடை காண்போம்.

குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவான அவ்வண்டிக்குக் கியர்த் தண்டு தரையில் இல்லை. ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்தது. கியர் நான்கு. எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கும். சக்கரமோ அசையாது நிற்கும். சுழல்வதையும் நிற்பதையும் இணைப்பது கிளச்சு. சட்டென்று விட்டால் வண்டி அதிர்ந்து எஞ்சின் நின்றுவிடும். பாதி மிதித்தபடியே ஓட்டினால் தட்டுத் தேய்ந்து கருகும். இவ்விரண்டிற்கும் நடுவே இடக்கால் மட்டுமே அறியும் ஓர் இடம் உண்டு. அடைமழையில், மேம்பாலத்து ஏற்றத்தில், பின்னால் வண்டிகள் நெருங்கி நிற்கையில், அவ்விடத்தைத் தவறாமல் உணர்பவனே ஓட்டுநன்.

பகவன் காலத்தில் சோணர் என்னும் பிக்கு, பாதங்களில் குருதி கசியுமளவு நடந்து தியானம் பயின்றார். பயன் காணாமையால் இல்லறத்திற்கே மீள எண்ணினார். அவர் முன்னாளில் வீணையில் வல்லவர். ஆதலின் பகவன் வீணை நரம்பைப் பற்றியே அவரிடம் வினவினார். நரம்பு மிக இறுகினும் இசையில்லை, மிகத் தளரினும் இசையில்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, முயற்சியும் அத்தகையதே என உணர்த்தினார். சோணருக்கு நரம்பு, நம் முதியவருக்குக் கிளச்சு.

அளவறிந்த முயற்சியிலும் விழிப்பிலும் பிறக்கும் உவகையைப் பாலி நூல்கள் 'பீதி' என்னும். தமிழில் அச்சத்தைக் குறிக்கும் சொல்லன்று இது. போதியங்கம் ஏழனுள் இதுவும் ஒன்று. ஓட்டுநரின் மகிழ்ச்சி இதற்கு அயலானதன்று. அதைத் துறக்க வேண்டுவதில்லை.

ஆயின் அது எப்போது ஆசையாகிறது? "என் வண்டி, என் திறமை" என்று பற்றும்போது. முந்திச் செல்பவனைக் கண்டு சினம் மூளும்போது. பொங்கிவரும் சினத்தைத் தடுப்பவனையே மெய்யான தேரோட்டியாகத் தம்மபதம் போற்றுகிறது.

பத்மினி வாடகைக் காரும் நிலைத்ததா? கடைசி வண்டி 2003 அக்டோபர் 29 அன்று பதிவாயிற்று. 20 ஆண்டு வரம்பு முடிய, 2023 அக்டோபர் 30 முதல் அவ்வண்டிகள் மும்பைச் சாலையில் வாடகைக்கு ஓடவில்லை. இடக்காலுக்கு வேலையே இல்லாத கார்கள் இன்று பெருகுகின்றன. இதைச் சொன்னபோது முதியவர் கண் கலங்கினார்.

கலங்க வேண்டா, பெரியவரே. இன்பம் இரும்பில் இருந்ததன்று; உமது விழிப்பில் இருந்தது. வண்டி போயிற்று, விழிப்பு உம்மிடமே உள்ளது.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் ஏற்பித்த 22 உறுதிமொழிகளுள், எண்வகை மார்க்கத்தில் ஒழுகுதலும் மது அருந்தாமையும் உள்ளன. நற்றொழிலும் நல்விழிப்பும் அம்மார்க்கத்தின் அங்கங்களே. ஆகவே சகோதரர்களே, ஸ்டீயரிங் பிடிக்கும் கையும் தெளிவாயிருக்கட்டும். வீடு திரும்பியபின் மனைவி மக்களிடம் பேசும் நாவும் தெளிவாயிருக்கட்டும். இறுக்கவும் வேண்டா, தளர்த்தவும் வேண்டா. நடுவழியே நம் வழி.

சாது! சாது! சாது!