மயிலுக்குப் போர்வை



பழனி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன் என்னும் வள்ளலைப் பற்றி நீங்கள் பாடசாலையில் படித்திருப்பீர்கள். மயில் ஒன்று குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையை எடுத்து அதற்குக் கொடுத்தவன் அவன். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக இன்றும் அவன் பெயர் சொல்லப்படுகிறது. அவனுடைய இரக்கத்தை யாரும் குறை கூறமாட்டார்கள். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்த மயிலுக்குப் போர்வை தேவைப்பட்டதா?

இது வேடிக்கைக்குக் கேட்கும் கேள்வியன்று. அன்பு என்பது மற்றவருக்கு நன்மையை விரும்புதல் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். மற்றவருக்கு எது நன்மை என்று அறிய முயலாமல், நமக்கு இன்பம் தருவதை அவர் கையில் திணிப்பது அன்பாகுமா? மனிதருக்கு உதவும்போது அவரையே கேட்டுப் பார்க்கலாம். வாயில்லாச் சீவனிடம் அப்படிக் கேட்க முடியாது. ஆகவே அங்கே இரக்கத்தோடு அறிவும் கூடவே செல்லவேண்டியிருக்கிறது.

திருகோணமலையில் இதற்குக் கண்முன்னே உதாரணம் உண்டு. பிரெட்ரிக் கோட்டையிலும் அதைச் சூழ்ந்த நகர்ப்புறத்திலும் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன. பார்க்க வருபவர்கள் பாணும் பிஸ்கட்டும் நீட்டுகிறார்கள். பிள்ளைகள் மகிழ்கிறார்கள், புகைப்படம் எடுக்கப்படுகிறது. ஆனால் மான் அசைபோடும் பிராணி. புல்லையும் இலையையும் ஆறுதலாகச் சீரணிக்க அமைந்தது அதன் வயிறு. மாப்பண்டம் மிகுந்தால் அது வயிற்றிலே புளித்து நோயாகிறது. உணவின் மணம் ஒட்டிய பொலித்தீன் பையையும் மான் விழுங்கிவிடுகிறது. மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிய மான் வீதிக்கு வருகிறது. வாகனத்திலும் நாயிடமும் அகப்படுகிறது. அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டில் குப்பைமேட்டில் மேய்ந்த காட்டு யானைகள் எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 மாண்டதாக 2022 ஜனவரியில் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அங்கே கொன்றது அலட்சியம். கோட்டை வாசலில் கெடுதல் செய்வது நல்லெண்ணம். அந்த வேறுபாட்டை மானின் வயிறு அறியாது.

குளிர் நாட்டவர் இதே பாடத்தை முள்ளெலி என்னும் சிறு பிராணியிடம் கற்றார்கள். இங்கிலாந்தில் அது ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை சருகுக்குள் சுருண்டு உறங்கும். அதற்கு முன் உடலில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு உதவ எண்ணிய மக்கள் பாலும் பாணும் வைத்தார்கள். முள்ளெலிக்குப் பால் செரியாது, வயிற்றோட்டம் காணும். இன்று அங்கே விபரம் அறிந்தவர்கள் சொல்லும் உதவி வேறு. தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். தோட்டத்து மூலையில் சருகுக் குவியலைக் கலைக்காமல் விடுங்கள். நவம்பர் 5ஆம் திகதி கொளுத்தும் விறகுக் குவியலை முதலில் புரட்டிப் பாருங்கள். மதிலின் அடியில் 13 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு வழி விடுங்கள். கொடுப்பதைப் போலவே விட்டுவைப்பதும் உதவிதான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

தமிழ்நாட்டின் வறண்ட முட்புதர் நிலங்களிலும் முள்ளெலி இனமொன்று உண்டு. குழந்தையின் கக்குவானுக்கு மருந்தென்று அதன் முள்ளைச் சுட்டுக் கொடுக்கும் வழக்கத்தால் அது பிடிபட்டுச் சாகிறது. பிள்ளைப் பாசம் பொய்யானதன்று. ஆனால் கக்குவானைத் தடுப்பது தடுப்பூசி. முள்ளெலியின் முள் அல்ல. அறிவு துணை வராத பாசம் பிராணியையும் கொன்று, பிள்ளையையும் காக்காமல் போகிறது.

இனி நம்மிடத்துக்கு வருவோம். நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரம் கிடக்கும் சல்லியில் முள்ளெலியும் இல்லை, உறைபனியும் இல்லை. அங்கே உயிர்களை வாட்டுவது வெயில் காலம். மாரி மழை ஓய்ந்து, வைகாசிக்குப் பின் சோளகக் காற்று வீசத் தொடங்கினால் மணல் காய்கிறது, புல் கருகுகிறது. அணில், கீரி, ஓணான், உடும்பு, காகம், மைனா எல்லாம் நிழலையும் நீரையும் தேடுகின்றன. ஐப்பசி மழை வரும்வரை அவை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இவற்றுக்கு நீங்கள் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. அகன்ற மண்சட்டியில் நீர் வைத்து, அதற்குள் ஒரு கல்லைப் போட்டு வையுங்கள். தவறி விழுந்த அணில் ஏறித் தப்பும். தினமும் சட்டியைக் கழுவுங்கள். வேம்பின் அடியில் விழும் சருகை முழுவதும் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் கிடக்க விடுங்கள். எரிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் தடியால் கிளறிப் பாருங்கள். கிடுகு வேலியில் நம் முன்னோர் பொட்டு விட்டார்கள். நாமோ மதில் கட்டி எல்லாவற்றையும் அடைக்கிறோம். மதிலின் அடியில் ஒரு சாண் வழி விட்டால் நம் வீட்டுக்கு என்ன குறைந்துவிடும்? கடற்றொழில் ஊரில் இன்னொன்றும் உண்டு. பயன் தீர்ந்த நைலோன் வலையைத் தோட்டத்தைச் சுற்றிக் கட்டினால் உடும்பும் பாம்பும் பறவையும் அதில் சிக்கி, வெயிலில் கிடந்து சாகும். தேவையில்லாத வலையைச் சுருட்டி உள்ளே வையுங்கள்.

"மனிதரே பசியோடிருக்கும்போது அணிலுக்குத் தண்ணீரா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். போரையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளையும், 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டையும் கண்ட கரையோரம் இது. இங்கே இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

பேகன் கதையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த அந்த வள்ளல், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அவளைக் கண்ணீரில் விட்டிருந்தான். (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் பரிந்து பாடினார்கள். அப்பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. மயிலுக்கு இரங்கிய உனக்கு இவள் துன்பம் தெரியவில்லையா என்பதே அவர்கள் முறையீட்டின் சாரம். போர்வையைக் கொடுத்தது தவறென்று அவர்கள் சொல்லவில்லை. அந்த இரக்கம் வீட்டு வாசலில் நின்றுபோனதையே சுட்டிக்காட்டினார்கள்.

யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளையையும் எண்ணிப் பாருங்கள். ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டும். அதில் விளைவதை முதலில் ஏழைகள் உண்ணவேண்டும். அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணவேண்டும். ஒரே கட்டளைக்குள் இருவருக்கும் இடமிருக்கிறது, வரிசையும் இருக்கிறது. நிலத்துக்கு உரியவன் அங்கே விருந்து வைப்பதில்லை. தன் கையை எடுத்துக்கொண்டு இடம் விடுகிறான். ஏழையும் பிராணியும் கைகட்டி நிற்காமல் உண்கிறார்கள்.

ஆகையால், அடுத்த முறை கோட்டைப் பக்கம் போகும்போது மானுக்குப் பாண் நீட்டும் பிள்ளையின் கையை மெதுவாகத் தடுத்து, ஏன் என்று விளக்குங்கள். பாண் வீணாக வேண்டாம். அதை வாங்கும் காசு யாருக்குத் தேவை என்று உங்கள் ஒழுங்கையிலேயே விசாரித்துப் பாருங்கள். வீடு திரும்பியதும் அதே பிள்ளையைக் கொண்டு முற்றத்துச் சட்டியில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். குடிக்க வரும் அணில் நன்றி சொல்லாது. கிட்ட வந்து நிற்கவும் மாட்டாது. குடித்துவிட்டு ஓடிவிடும். அது அப்படியே ஓடட்டும்.