விரல் அறிந்த தவறு

எட்டுப் பந்து பூல் ஆட்டம். வெள்ளைப் பந்துக்கும் அடிக்க வேண்டிய பந்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை. ஆடுகிறவர் குனிந்து அடிக்கிறார். பந்து பாக்கெட்டில் விழுகிறது. வெள்ளைப் பந்தும் அதன் பின்னாலேயே ஓடி, அடுத்த அடிக்கு வாகான இடத்தில் நிற்கிறது. எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். குச்சியின் முனை வெள்ளைப் பந்தை இரண்டு முறை தொட்டுவிட்டது என்பது அடித்தவருக்கு மட்டும் தெரியும். விதிப்படி அது ஃபவுல். யாரும் கேட்கவில்லை. அவராகச் சொல்ல வேண்டுமா?

ஆட்டத்தின் இயல்பை அறியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. குச்சியின் முனை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. எதிரே இருக்கும் பந்தில் நேராக மோதும் வெள்ளைப் பந்து, தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடப் பார்க்கும். ஆனால் முன்னே வந்துகொண்டிருக்கும் குச்சி அங்கேயே நின்றுவிடுவதில்லை. வெள்ளைப் பந்தை மறுபடியும் இடித்துத் தள்ளுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரே அடி. அனுபவசாலிகள் வெள்ளைப் பந்து ஓடும் விதத்தை வைத்து ஊகிப்பார்கள். பழகிய கைக்குப் பெரும்பாலும் ஊகமே வேண்டாம். அதிர்வு விரலுக்கு வந்து சேர்ந்துவிடும். சட்டைக் கையின் நுனி பக்கத்துப் பந்தை உரசியதும், குறி பார்க்கும்போது முனை வெள்ளைப் பந்தை லேசாகத் தீண்டியதும் இப்படிப்பட்டவைதாம். தவறு செய்தவரே முதல் சாட்சி. பல சமயம் ஒரே சாட்சி.

பெரிய போட்டிகளில் மேசைக்கு ஒரு நடுவர் நிற்பார். ஆனால் உலகில் ஆடப்படும் பூல் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை நடுவர் இல்லாதவை. மதுக்கூடத்தின் மூலையிலும் மன்றத்தின் மாடியிலும் ஆடும் இருவர் தாமே ஆட்டக்காரர், தாமே நடுவர். ‘சொல்ல வேண்டியதில்லை’ என்பவர்களின் வாதங்களை இந்த நிலையை மனத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதல் வாதம் விதிப் புத்தகத்திலிருந்தே வருகிறது. அடுத்த அடி தொடங்குமுன் சுட்டிக்காட்டப்படாத ஃபவுல் நடக்காததாகவே கொள்ளப்படும் என்று உலக விதிகள் சொல்கின்றன. விதியே விட்டுவிட்டதை மனச்சாட்சி ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? வாதம் கூர்மையானதுதான். ஆனால் அந்த விதியின் வேலை வேறு. நான்கு அடி கழித்து ஒருவர் பழைய கதையைக் கிளறி ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்பதற்காக வழக்குக்கு வைத்த கெடு அது. நம் ஊர் புரோநோட்டுக்கும் இப்படியொரு கெடு உண்டு. 3 ஆண்டு கடந்துவிட்டால் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அதனால் கடன் வாங்கியதே பொய் என்று ஆகிவிடுமா? ஏட்டுக்கு மட்டுமே காலாவதி உண்டு. வாங்கியவருக்குத் தெரிந்தது தெரிந்ததுதான்.

இரண்டாவது வாதம்: பார்த்துக்கொண்டிருப்பது எதிராளியின் பொறுப்பு, அவர் அசந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? இதிலும் ஓர் உண்மை இருக்கிறது. எதிராளி தன் பந்து முழு நிறமா, கோடு போட்டதா என்பதை மறந்து தவறான பந்துக்குக் குறி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தடுத்து எச்சரிப்பது பெருந்தன்மை. கடமை என்று சொல்ல முடியாது. தன் பந்து எது என்ற நினைவும் ஆட்டத்தின் ஒரு பகுதி. அந்தத் தகவல் மேசைமேல் இருவருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. தன் குச்சி இரண்டு முறை தொட்டது அப்படிப் பொதுவில் கிடக்கும் தகவல் இல்லை. எதிராளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் அவருக்குக் கிடைக்காமல் போகலாம். பிறர் கவனக்குறைவு வேறு, நம் கைக்குள் இருக்கும் சாட்சியை மறைப்பது வேறு.

மூன்றாவது வாதம் மற்ற விளையாட்டுகளைத் துணைக்கு அழைக்கிறது. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஆடிய ஆடம் கில்கிறிஸ்ட், நடுவர் அவுட் கொடுக்காதபோதும் பந்து மட்டையில் பட்டதை அறிந்து தானே வெளியேறினார். 2013இல் டிரென்ட் பிரிட்ஜ் டெஸ்டில் ஸ்டூவர்ட் பிராட், பந்து மட்டையில் பட்டுப் பிடிபட்ட பிறகும் நகரவில்லை. நடுவர் அவுட் தரவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. இருவருக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். பிராட் பக்கம் பேசுகிறவர்களுக்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது: தீர்ப்புச் சொல்ல நடுவர் இருக்கிறார்; அவர் தவறு சில நாள் நமக்குச் சாதகம், சில நாள் பாதகம், அதை அவரிடமே விட்டுவிடலாம். இந்தக் காரணம் செல்லுமா செல்லாதா என்பது கிரிக்கெட்டின் விவாதம். நடுவரில்லாத பூல் மேசைக்கு அது பொருந்தவே பொருந்தாது. அங்கே அடித்தவரும் பாதி நடுவர். அவர் வாய் திறக்காமல் அடுத்த அடிக்குக் குனியும்போது, ஆட்டக்காரராக மட்டும் மௌனம் காக்கவில்லை. நடுவராக ‘தவறு நடக்கவில்லை’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார். அது பொய்த் தீர்ப்பு.

நான்காவது வாதம் விலையைப் பற்றியது. வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும் வலுவானது இதுதான். ஸ்னூக்கரில் தன் ஃபவுலைத் தானே சொல்வது நெடுநாள் மரபு. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் போட்டியில், நடுவர் பக்கத்தில் நிற்கும்போதே, வீரர் கையை உயர்த்தித் தன் தவறைச் சொல்லும் காட்சி அபூர்வமில்லை. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் பிறந்து, 1880களின் தொடக்கத்தில் நம் ஊட்டி கிளப்பின் சுவரில் விதிகளாக எழுதித் தொங்கவிடப்பட்ட ஆட்டம் அது. ஒருவரை ஒருவர் அறிந்த அதிகாரிகளின் சிறு வட்டத்தில் பெயர் கெடுவதைவிடப் புள்ளி குறைவது மேல். அபராதமும் பெரும்பாலும் 4 முதல் 7 புள்ளிகள்தான். பூலில் நிலைமை வேறு. ஃபவுல் என்றால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். கைதேர்ந்தவர் எதிரே இருந்தால் அந்த ஒரு வாக்கியம் ஓர் ஆட்டத்தையே விலையாகக் கேட்கும். பணம் கட்டி ஆடுவதும், தன் திறமையை மறைத்து ஏமாற்றி ஆடுவதும் கதைகளாகவும் படங்களாகவும் பெருமை பெற்ற உலகம் அது. குழுவாக ஆடும் லீக் என்றால், தோழர்களின் வெற்றியைத் தன் நேர்மைக்காகத் தாரை வார்க்கலாமா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

விலை அதிகம் என்பது உண்மை. அது காட்டுவது, சொல்வது கடினம் என்பதைத்தான்; சொல்ல வேண்டாம் என்பதை இல்லை. குழுத் தோழர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது முழுத் திறமையோடு ஆடுவது. அவர்கள் பெயரில் பிறர் பொருளை எடுத்துக் கொடுப்பது அந்தக் கடனில் சேராது. 1925இல் அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியில் பாபி ஜோன்ஸ், தன் பந்து சற்றே அசைந்துவிட்டது என்று தன்மேல் தானே ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. முடிவில் ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் கோப்பை அவருடையது. அதற்காகப் பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்கு ஒருவரைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். தவற்றை ஒப்புக்கொள்வதை வீரச்செயலாக அவர் கருதவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

ஆனால் நேர்மைக்கும் ஓர் அளவு உண்டு. வெள்ளைப் பந்து இரண்டு பந்துகளை ஏறக்குறைய ஒரே கணத்தில் தொட்டால், எது முதலில் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது சரியான பந்தையே முதலில் தொட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது விதி. ஐயம் அடித்தவருக்குச் சாதகம். எனவே தெரியாததைத் தெரிந்ததுபோல் ஒப்புக்கொள்வதும் உண்மை பேசுவதாகாது. சில சமயம் அது நல்லவன் என்று பேர் வாங்கும் ஆசை. தொட்டதே உணராத புதியவரைப் பொய்யர் என்பதும் அநீதி. தெரிந்ததை ‘தெரிந்தது’ என்றும், ஐயத்தை ‘ஐயம்’ என்றும் சொல்வதுதான் வேண்டியது. நெருக்கமான அடிக்கு முன்பே மூன்றாம் ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டால் பாதிச் சச்சரவு பிறக்காமலே போகும். எதிராளிக்கும் ஒரு கடமை இருக்கிறது: ஒப்புக்கொண்டவரைக் கூச்சப்படுத்தாமல், ஏளனமாகச் சிரிக்காமல், அமைதியாக எழுந்து ஆட வேண்டும்.

பொற்கைப் பாண்டியன் கதை தமிழர்களுக்குத் தெரியும். இரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய குற்றம் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. தட்டிய கைக்குத் தெரியும். மறுநாள் அவையில் அந்தக் கையை அரசன் தானே வெட்டிக்கொண்டான் என்கிறது கதை. பூல் மேசை அவ்வளவு கேட்பதில்லை. குச்சியைச் சாய்த்து வைத்துவிட்டு, ‘ஃபவுல்’ என்று ஒரு சொல் சொல்லி, வெள்ளைப் பந்தை எடுத்து எதிராளி கையில் கொடுத்தால் போதும்.