கொலைக்கதையின் கேள்வியும் மலைநாட்டின் மரணமும்

கொலையைப் பற்றிய கதையை மனிதன் ஏன் விரும்பிப் படிக்கிறான்? நேரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு கொடுமையை, அச்சில் கண்டதும் ஆவலோடு பக்கம் புரட்டித் தொடர்கிறானே, இது எப்படி? மர்மக்கதை மலிவுச் சரக்கு என்று தீர்ப்புச் சொல்லி இக்கேள்வியை ஒதுக்கிவிடுவது விமர்சகர் பலரின் வழக்கம். ஆனால் நம் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாமும் படிக்கிறோம். ஆகவே அந்த ஆவலுக்குள் எவ்வளவு நியாயம் இருக்கிறது, எவ்வளவு அநியாயம் ஒளிந்திருக்கிறது என்று ஆராய்வதே தகும்.

துப்பறியும் சிறுகதையின் மூலவர் என்று போற்றப்படுபவர் எட்கர் அலன் போ. 1841-இல் வெளிவந்த அவரது ‘மோர்க் வீதிக் கொலைகள்’ என்ற கதையில், ‘யார் கொன்றது?’ என்ற கேள்வி எழுந்த கணத்திலேயே எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் இடையில் ஓர் உடன்படிக்கை பிறந்துவிடுகிறது. பதில் உண்டு, கதை முடிவதற்குள் அது கிடைத்தே தீரும். இந்த உறுதியின் மேல்தான் மர்மம் நிற்கிறது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1846-இல், அதே போ ஒரு மதுப்பீப்பாயைச் சுற்றி எழுதிய கதையிலோ கொலைஞன் யாரென்பது முதல் வரியிலிருந்தே நமக்குத் தெரியும். அவன் தன் இரையின் இருமலுக்காக இரங்குகிறான்; அவனுடைய நீண்ட ஆயுளை வாழ்த்திக் குடிக்கிறான். இரையின் பெயருக்கோ அதிர்ஷ்டசாலி என்று பொருள்! தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரமே முரண்நகை.

ஆக, மர்மம் என்பது உண்மையின் மேலுள்ள வேட்கை. முரண்நகை என்பது அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலுள்ள இடைவெளி. இரண்டும் கருவிகளே. கருவியில் குற்றமில்லை. அந்த வேட்கையை நாம் யாருடைய மரணத்தின்மேல் செலவிடுகிறோம் என்பதே அறக்கேள்வி.

மர்மக்கதைகளுக்கு மிகப் பழக்கமான களம் ஆங்கில நாட்டுப்புற மாளிகை. கணப்படுப்பு, பனிமூட்டம், மூடிய கதவுகள், விருந்துக்கு வந்த கனவான்கள். இதைக் காண நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை. நுவரெலியாவில் வெள்ளையர் அதை அப்படியே கட்டிவைத்தார்கள். 1876-இல் தொடங்கிய அவர்களது ‘ஹில் கிளப்’ இன்றும் அங்கே நிற்கிறது. அங்கிருந்து ஹட்டன் வரையுள்ள மலைச்சரிவுகளில் துரை பங்களாக்கள் மேட்டில் இருந்தன. லயங்கள் பள்ளத்தில் கிடந்தன. மாளிகைக் கதையில் கொலை நடந்த மறுகணமே பணியாள் தேநீர் கொண்டு வருகிறான். அதைக் குடித்துவிட்டுத் துப்பறிவாளர் சிந்திக்கத் தொடங்குகிறார். எல்லாவற்றையும் துருவும் அந்தக் கண், கோப்பைக்குள் இருக்கும் கொழுந்தைக் கிள்ளிய கை எது என்று மட்டும் கேட்பதில்லை.

இந்தக் குருட்டுத்தன்மையை அந்த இலக்கியத்துக்கு உள்ளிருந்தே ஒருவர் கண்டு சொன்னார். ஜி. கே. செஸ்டர்ட்டன் எழுதி 1911-இல் நூலுருப் பெற்ற ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ என்ற கதையில், ஒரு வீட்டை நால்வர் காவல் காக்கிறார்கள். உள்ளே கொலை நடக்கிறது, பிணமும் மறைந்துவிடுகிறது. யாரும் வரவில்லை என்று நால்வரும் உறுதி சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வந்தவன் தபால்காரன். தபால்காரன் அவர்களுடைய கணக்கில் ‘யாரோ’ அல்ல. பிணத்தைத் தன் பையிலேயே சுமந்துகொண்டு அவர்கள் கண்ணெதிரே அவன் நடந்துபோனான்.

மலைநாட்டு வாசகனுக்கு இது வெறும் புதிரன்று. நாள்தோறும் பிரட்டுக் களத்தில் எண்ணப்பட்டும், மனிதராகக் காணப்படாமல் வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் கதை இது. 1948-இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், காட்டை அழித்துத் தேயிலையை நட்ட மக்களின் சந்ததியாரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பல இலட்சம் மக்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ‘இங்கே யாருமில்லை’ என்று ஒரு நாடாளுமன்றம் சாட்சி சொன்னது. செஸ்டர்ட்டன் ஒரு தெருவில் கண்ட முரண்நகையை நாம் ஒரு தேசத்தின் சட்டத்தில் கண்டோம்.

இனி, மரணத்துக்கு வருவோம். 1940 ஜனவரி 10-ஆம் நாள். ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். ‘யார் கொன்றது?’ என்ற மர்மம் இங்கே இல்லை. பட்டப்பகல் போல் தெரிந்த செய்தி அது. விசாரணைக் குழு அமர்ந்தது. கோவிந்தனின் குடும்பத்துக்காகச் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். ஆனால் கதை வேறு திசையில் திரும்பியது. தொழிலாளர்மேல் தொடரப்பட்ட வழக்குகளை ஒத்திவைக்கச் சொல்லி உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக கேட்டார்; பொலிஸ் தலைவர் இணங்க மறுத்தார். தேசாதிபதி அண்ட்ரூ கல்டெகொட் பொலிஸ் தலைவரின் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர்கள் அனைவரும் ஒருசேரப் பதவி துறந்தார்கள். பின்னர் திரும்பியும் வந்தார்கள். நாடு முழுவதும் பேசப்பட்டது அமைச்சருக்கு அதிகாரமா, பொலிஸ் தலைவருக்கு அதிகாரமா என்ற கேள்வியே. கோவிந்தனின் உடல் கதையின் முதற்பக்கத்தோடு மறைந்துவிட்டது. தபால்காரனின் பையை இங்கே அரசியல் நெருக்கடி சுமந்துகொண்டு போயிற்று.

அடுத்த ஆண்டு, 1941-இல், புப்புரஸ்ஸவில் உள்ள ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரை போப் கொலையுண்டார். துப்பறியும் இயந்திரம் உடனே அசைந்தது. கைது, சாட்சி, வழக்கு, தீர்ப்பு என்று எல்லாம் முறைப்படி நடந்தன. வீராசாமி, வேலாய்தன் என்ற இரு தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு கொலையைக் காட்டி மற்றொரு கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. போப்பின் மரணமும் ஒரு மனிதனின் மரணமே. அதைப் பற்றிக் கேள்வி கேட்டது சரியே. அதே கேள்வியை, அதே வேகத்தில், அதே முடிவு காணும் உறுதியுடன் முல்லோயாவில் ஏன் கேட்கவில்லை என்பதே நம் வினா. பதில் கிடைத்தே தீரும் என்ற உடன்படிக்கை பங்களாவோடு மட்டும் செய்துகொள்ளப்பட்டிருந்தது. லயத்துக்கு அதில் கையொப்பம் இல்லை.

மர்மக்கதையைத் தூக்கியெறிய வேண்டும் என்பதா இதன் முடிவு? அல்ல. அந்த வடிவம் வேறுவிதமாகவும் பேச வல்லது. 1900-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி கொல்லப்பட்டார். அவருடைய மனைவிமேல் வழக்கு நடந்தது. அவ்வழக்கைப் பத்திரிகைக்காக எழுதிய சூசன் கிளாஸ்பெல், அதன் சாயலில் 1917-இல் ஒரு சிறுகதை படைத்தார். அதிகாரிகளாகிய ஆண்கள் வீடெங்கும் தடயம் தேடுகிறார்கள். சமையலறைச் சாமான்களைக் கண்டு நகைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே நிற்கும் இரண்டு பெண்களோ, கோணலாக விழுந்த தையலிலும் கழுத்து முறிக்கப்பட்ட ஒரு சிறு பறவையிலும் கொலையின் காரணத்தை மட்டுமல்ல, அந்த மனைவி பட்ட பல்லாண்டுத் துயரத்தையும் படித்துவிடுகிறார்கள். அதன்பின் நம்மைப் பதைக்கவைப்பது ‘யார்?’ என்ற கேள்வியன்று. ‘இதை அறிந்த நாம் என்ன செய்யப்போகிறோம்?’ என்ற கேள்வி. அப்பெண்கள் தடயத்தை மறைத்தது சரியா என்று வாசகர் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். தாம் அவளைத் தனியே விட்டுவிட்டதும் ஒரு குற்றமே என்று அவர்களில் ஒருத்தி உணர்கிறாளே, அந்த உணர்வைத் துப்பறிவாளர் எவரும் தொட்டதில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ரோல்ட் டாலின் 1953-ஆம் ஆண்டுக் கதை. கணவனை உறைந்த ஆட்டுக்கால் இறைச்சியால் அடித்துக் கொன்ற மனைவி, அதையே சமைத்துப் பொலிசாருக்குப் பரிமாறுகிறாள். ஆயுதம் எங்கே என்று பேசிக்கொண்டே அவர்கள் ஆயுதத்தைத் தின்கிறார்கள். நாம் சிரிக்கிறோம். சிரித்துப் புத்தகத்தை மூடுகிறோம். அதில் திறமை உண்டு. ஆனால் மேலே கேட்கத் தூண்டும் கேள்வி குறைவு.

வகுப்பறையில் இக்கதைகளைப் படிப்பிக்கும்போது, ‘கொலைஞன் யார்?’ என்பதோடு நிறுத்திவிட வேண்டாம் என்று நம் ஆசிரியத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இக்கதையில் யாரிடம் எவரும் எதுவும் விசாரிக்கவில்லை? ‘யாரும் வரவில்லை’ என்ற சாட்சியில் விடுபட்டவர் யார்? மலையேறிக் கூடை சுமக்கும் தாயின் மகனும் மகளும் இக்கேள்விகளுக்கு மற்றெவரையும் விட விரைந்து பதில் சொல்வார்கள். புதிரை அவிழ்க்கும் கூர்மையை அவர்களுக்குக் கொடுப்போம். அந்தக் கூர்மையோடு அவர்கள் ஒருநாள் முல்லோயாவின் ஏட்டைத் திறந்து, பாதியில் விடப்பட்ட அந்த விசாரணையைத் தொடரட்டும்.