புல்தரையும் பயனற்ற இம்சையும்

இல்லறத்தார்க்கு உரியனவாக வகுக்கப்பட்ட பன்னிரண்டு விரதங்களுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது அநர்த்த தண்ட விரதமாகும். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்பவற்றை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆயின், எப்பயனும் இன்றி உயிர்களுக்கு விளைவிக்கும் தீங்கினைத் தனியே பிரித்தெடுத்து, அதற்கென ஒரு விரதம் வகுத்த முன்னோரின் நுட்பத்தை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தை விளக்குமிடத்து, ஐவகைக் குற்றங்களுள் ஒன்றாகப் பிரமாத சரிதத்தைக் கூறுகின்றார். காரணமின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவை அதில் அடங்கும். அந்நூலின் வழியில் தமிழில் தோன்றிய அருங்கலச்செப்பும் இவ்வறத்தை நமக்கு எடுத்துரைக்கின்றது.

நிலத்தைக் கிளறுவது உழவரின் சிக்கல், நகரத்தில் வாழும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். நாம் வாழும் இராயப்பேட்டையிலேயே அக்கேள்வி வாசலில் வந்து நிற்கின்றது. ஆற்காடு இளவரசரின் இல்லமாகிய அமீர் மஹால் போன்ற பரந்த வளாகங்களைத் தவிர, பழைய தோட்ட வீடுகளுள் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. எஞ்சிய சில வீடுகளில் புல்தரை இன்னும் உண்டு. நம் வீட்டின் முன்னும் ஏறத்தாழ ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, புல்லாகவே கிடக்கின்றது. ஆண்டுகள் பலவாக நடந்து நடந்து மண் இறுகிவிட்டது. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் தேங்குகின்றது. இடையிடையே புல் கருகித் திட்டுத்திட்டாகத் தரை தெரிகின்றது. இளையவர்களுள் ஒரு சாரார், சிமெண்டுக் கற்களைப் பாவி வண்டி நிறுத்தலாம் என்கின்றனர். மற்றொரு சாரார், தோட்டப் பராமரிப்பாளரை அழைத்து முறைப்படி சீர் செய்யலாம் என்கின்றனர். அம்முறை யாது என்று கேட்டறிந்த பின்னரே இக்கட்டுரை எழுதும் எண்ணம் நமக்கு உண்டாயிற்று.

முறை இதுதான். நான்கு பற்கள் கொண்ட இரும்புக் கவையையோ, உள்ளே துளையுள்ள குழாய்ப்பற்கள் கொண்ட கருவியையோ தரையில் மூன்று நான்கு அங்குல ஆழத்திற்கு இறக்கி எடுக்க வேண்டும். இறுகிய மண்ணில் இவ்வாறு துளைகள் ஏற்பட்டால் காற்றும் நீரும் வேர்களைச் சென்றடையும். குழாய்ப்பற்கள் சிறு சிறு மண் உருளைகளை வெளியே எடுத்துப் போடும். அதன்பின் மணல், செம்மண், நன்கு மக்கிய எரு ஆகியவற்றைச் சலித்துக் கலந்து, கால் அங்குல கனத்திற்குப் புல்லின் மேல் தூவித் துளைகளில் இறங்குமாறு துடைப்பத்தால் பரப்ப வேண்டும். இதற்கு மேல்மண் இடுதல் என்று பெயர் சொல்லலாம்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள் முதலாக எதனையும் கணக்கிட்டுப் பார்ப்பது நம் வழக்கம். ஆறு அங்குலத்திற்கு ஒரு துளை என்றால் சதுர அடிக்கு நான்கு. ஒரு கிரவுண்டிற்கு 9,600 துளைகள். கால் அங்குல மேல்மண் என்றால் 50 கன அடி. எடையில் ஏறத்தாழ 2 டன். புல்தரைக்கு வாரம் ஓர் அங்குலம் நீர் விட்டால், ஒவ்வொரு வாரமும் 5,600 லிட்டருக்கு மேல் செலவாகும். இவை ஒரு வீட்டின் முற்றத்தைப் பசுமையாகக் காட்டுவதற்கான எண்கள்.

இப்போது உயிர்களின் பக்கம் வருவோம். மண்ணும் நீரும் தாவரமும் ஓரறிவுயிர்கள். இல்லறத்தார் அவற்றுக்கு முற்றிலும் தீங்கு செய்யாதிருத்தல் இயலாது என்பதை ஆகமம் அறிந்தே, தேவைக்கு மேல் செய்யாதே என்று எல்லை வகுத்தது. ஆனால் புல்லின் அடியில் வாழும் மண்புழு, ஊறும் சுவையும் அறியும் ஈரறிவுயிர். எறும்பும் கறையானும் மூவறிவுயிர்கள். 9,600 முறை இரும்பு இறங்கும்போது இவற்றுள் எத்தனை அதன் வழியில் அகப்படும்? மண்புழுவை வெட்டினால் இரண்டு புழுக்களாகிவிடும் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வதுண்டு. அது உண்மையன்று. தலைப்பகுதி சிலபோது பிழைக்கும். வால்பகுதி துடித்து மடியும். துடிப்பதைக் கண்டு இரு உயிர் என்று மகிழ்வது நம் மனத்திற்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, உழவுத் தொழிலும் இதுதானே என்று வினவலாம். நியாயமான வினா. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்களே தமிழ்ச் சமணர்களுள் பெரும்பாலோர். ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் கிருஷியும் ஒன்று. வாழ்வதற்கு வேண்டிய தொழிலில் நேரும் இம்சையையும், கொல்ல வேண்டும் என்றே செய்யும் சங்கல்ப இம்சையையும் நம் சாத்திரம் ஒன்றாகக் கருதவில்லை. நிலத்தை உழும்போது உயிர்கள் மடிந்தாலும் உழவன் கருதுவது நெல்லை. வலையில் ஒரு மீனும் விழாத நாளிலும் வலைஞன் கருதுவது கொலையை. எண்ணமே வினைக்கு வேர் என்பதற்குச் சான்றோர் காட்டும் எடுத்துக்காட்டு இது.

இந்த எடுத்துக்காட்டு நமக்கு அடைக்கலமாகிவிடக் கூடாது என்பதே நம் அச்சம். உழவனுக்கு நெல் இருக்கின்றது. புல்தரைக்கு என்ன இருக்கின்றது? அதில் விளைவதை நாம் உண்பதில்லை, பசுவுக்கும் இடுவதில்லை. வருவோர் கண்ணுக்குப் பச்சை விரிப்பாகத் தோன்ற வேண்டும் என்பதே நோக்கமாயின், உழவனின் பெயரைச் சொல்லி நாம் தப்ப முடியாது. மேலும் இவ்வழக்கம் நம் மண்ணுக்கு உரியதும் அன்று. தமிழர் இல்லத்திற்குச் சாணம் தெளித்துக் கோலமிட்ட வாசலும், மரங்கள் நின்ற கொல்லையும் இருந்தன. வெட்டி ஒழுங்குபடுத்திய புல்தரை, ஆங்கிலேயரின் தோட்ட வீடுகளோடு சென்னைக்கு வந்தது. எட்வின் பட்டிங் என்பவர் இங்கிலாந்தில் புல் வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றது 1830 ஆம் ஆண்டில். நம் பகுதிக்கு அண்மையில் கதீட்ரல் சாலையில் உள்ள வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது 1835 இல். அயல் வழக்கம் என்பதனாலேயே ஒன்று தீதாகிவிடாது. எனினும் அதன் தேவையை நாம் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்டுப் பார்த்தால் ஒரு பயன் தெரியத்தான் செய்கின்றது. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர். அப்படியாயின் ஒரு கிரவுண்டு நிலத்தின் மேல் ஓராண்டில் விழுவது மூன்று லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர். 2003 இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு ஒவ்வொரு கட்டடத்திற்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்தது. இரண்டையும் கண்ட ஊரில், மழையை உள்ளே வாங்கும் ஒரு துண்டு மண் வீண்பொருள் ஆகாது. சிமெண்டுக் கற்களைப் பாவினால் அவ்வாயில் அடைபடும். அதன் கீழுள்ள உயிர்களும் ஒருங்கே மூடப்படும். ஆகவே, துளையிடுவது தீங்கு, கல் பாவுவது தீங்கின்மை என்று முடிவு செய்வதும் மேலோட்டமான எண்ணமேயாகும்.

அவ்வாறாயின் துளை யாருக்காக? மழைக்காகவும் வேருக்காகவும் என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு. நீர் தேங்கும் இடத்தில் மட்டும் துளைத்தால் போதும். கண்ணுக்காக என்றால் அளவே இல்லை. தரை முழுவதும் ஆண்டுக்கு இருமுறை துளைத்தாலும் மனம் நிறையாது. பயனுள்ள செயல் தன் எல்லையைத் தானே காட்டும் என்பதை நாம் இவ்விடத்தில் கண்டோம்.

இன்னும் ஒரு செய்தி உண்டு. மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் தருதலும், மேலே புதுமண் இடுதலும் மனிதன் கண்டுபிடித்தவை அல்ல. மண்புழு அவ்விரண்டையும் ஓயாமல் செய்து வருகின்றது. சார்லஸ் டார்வின் 1837 இலேயே இதுபற்றி லண்டன் நிலவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். புல்வெளியில் பரப்பிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டிகளும் சில ஆண்டுகளில் மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கியிருந்தமையைக் கண்டு, புழுக்கள் கீழ்மண்ணை உண்டு மேலே கழிப்பதே காரணம் என்றார். 1881 இல் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே செல்கின்றது என்பது அவர் கணிப்பு. மண்புழுவுக்குக் கேட்கும் புலன் இல்லை என்பதையும் அவர் சோதித்துக் கண்டார். இதனைக் கொண்டு நம் ஆகமத்திற்குச் சான்றிதழ் தேட வேண்டியதில்லை. அச்சிறு உயிரைப் பொறுமையோடு நோக்கியவர் வேறொரு நாட்டிலும் இருந்தார் என்று மகிழலாம். அவர் கணக்கு இராயப்பேட்டை மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் ஒப்புக்காகப் பார்த்தால், நாம் விலை கொடுத்து வாங்கி இடும் 2 டன் மேல்மண்ணை ஒரு கிரவுண்டு நிலத்துப் புழுக்கள் நான்கு ஆண்டுகளில், கூலி ஏதும் பெறாமல் இட்டுவிடும். குருணை மருந்து தூவிப் பூச்சியோடு புழுவையும் கொன்றுவிட்டு, அப்புழு செய்த வேலையை இரும்புக் கவை கொண்டு நாம் செய்வது அறிவுடைமை ஆகுமா?

மேல்மண்ணில் கலக்கும் மணலையும் எண்ண வேண்டும். பாலாற்றிலும் செய்யாற்றிலும் மணல் அளவின்றி அள்ளப்பட்டதை நாம் அறிவோம். நீரைத் தேக்கி வைக்கும் மணற்படுகை போனால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் தாழும். அக்கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்வோருள் நம் உறவினரும் உளர். நகரத்துப் புல்லுக்காக ஆற்றுப்படுகையை வாங்குவது, பயனற்ற இம்சையோடு பிறர் பொருளைக் கவர்தலுக்கும் அருகே நம்மைக் கொண்டுசெல்லும்.

ஆரம்பத் தியாகம் மேற்கொண்ட பெரியோர் இதனைப் படித்தால், இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, அந்நிலத்தின் மேல் உள்ள பற்றினை விட்டால் போதாதா என்று கூறக்கூடும். அவர்கள் நிலையிலிருந்து அது சரியே. ஆயினும் மண்வெட்டியைத் தொடாதவர் வீட்டிலும் யாரோ ஒருவர் நிலத்தைப் பேணத்தான் வேண்டியிருக்கின்றது. வேலையைத் தோட்டக்காரரிடம் ஒப்படைத்தால் வினையும் அவரைச் சேரும் என்று எண்ணுதல் ஆகாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும் நம் சமயம் ஒருங்கே எண்ணுகின்றது. கூலி பெற்று நாம் சொன்னபடி செய்பவரைக் காட்டிலும், இன்ன அளவு, இன்ன விதம் என்று சொல்பவருக்கே பொறுப்பு மிகுதி.

ஆகவே நம் இல்லத்தில் பின்வருமாறு செய்வதென முடிவு செய்துள்ளோம். கல் பாவுதல் இல்லை. நடந்து இறுகி, நீர் தேங்கும் இடங்களில் மட்டுமே துளையிடுதல். அதுவும் மழைக்காலம் முடிந்து, மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும் தை, மாசி மாதங்களில். முனிவர்கள் நடமாட்டத்தையே சுருக்கிக்கொள்ளும் சாதுர்மாசியத்தில் மண்ணில் இரும்பு இறக்குவதில்லை. புழுக்கள் இரவிலும் விடியலிலும் மேலே இருக்கும். ஆதலால் வெயில் ஏறி அவை கீழே இறங்கிய பின்னரே வேலை. வெளியே வரும் மண் உருளைகளை அள்ளி எறியாமல், அங்கேயே உதிர்த்துவிடுதல். நீரை வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பது நம் மரபு அல்லவா? எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே சேர்ப்பதும் அம்மரபின் நீட்சியே. மேலே இடுவதற்கு ஆற்று மணல் வேண்டாம். நம் மரங்கள் உதிர்த்த சருகு மக்கினால் போதும். குருணை மருந்து அறவே இல்லை. லாரி நீர் வாங்கிப் புல்லுக்கு விடுவதில்லை. சித்திரையில் புல் பழுத்துக் காய்ந்தால் காயட்டும். அருகம்புல் அடுத்த மழைக்குத் தானே தழைக்கும் இயல்பினது.

இவ்வளவு செய்தும் ஏதேனும் ஒரு புழு இரும்பில் அகப்படவே செய்யும். பயன் இருந்தது, கவனம் இருந்தது என்பதால் அவ்வுயிரின் துன்பம் இல்லையென்று ஆகிவிடாது. அதனை ஒப்புக்கொண்டு அன்றைய பிரதிக்கிரமணத்தில் நினைவுகூர்வதே இல்லறத்தார் செய்யத்தக்கது.

புல்தரை எல்லார் வீட்டிலும் இராது. ஆனால் மாடியில் வளரும் தொட்டிச் செடிகளும், வாசலைக் கழுவ விடும் குழாய் நீரும், பண்டிகைக்குப் பறித்துக் குவிக்கும் பூவும் எல்லார் வீட்டிலும் உண்டு. அவற்றில் கை வைக்கும் முன், இது எதற்காக, இதில் எவ்வளவு போதும் என்னும் இரு கேள்விகளை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.