அறிந்தவரின் மௌனம்

மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளனுக்குத் தெரியும். மேஜையைச் சுற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட உரையாடலில் திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சஸ்பென்ஸை இப்படித்தான் விளக்கினார். தொழில் நுணுக்கமாகத்தான் சொன்னார். எனக்கோ அது இறையியல் கேள்வியாகவே படுகிறது. எல்லாம் அறிந்த கடவுள் ஏன் எச்சரிப்பதில்லை?

லண்டனில் சேசு சபையார் பள்ளியில் படித்த கத்தோலிக்கர் ஹிட்ச்காக். 1953இல் வந்த ‘ஐ கன்ஃபெஸ்’ படத்தில், கியூபெக் நகரத்துக் கோயில்பிள்ளை கெல்லர் கொலை செய்த கையோடு ஃபாதர் லோகனிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். பழி ஃபாதர் மேலேயே விழுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடக் கூடாது என்பதால் அவர் வாய் திறக்க முடியாது. காலை உணவின்போது கெல்லரின் மனைவி காப்பி ஊற்றியபடி மேஜையைச் சுற்றி வருகிறாள். மற்ற குருக்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் கண் லோகனின் முகத்தையே துழாவுகிறது.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இந்த மௌனம் புரியவில்லை, படத்தையே எடுத்திருக்கக் கூடாது என்று ஹிட்ச்காக் வருந்தினார். பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே மண்டியிட்டு வளர்ந்த நான் இதை ஒப்பமாட்டேன். லோகன் வேடிக்கை பார்க்கும் மௌனி அல்ல. அறிந்ததற்கான விலையைத் தானே கொடுக்கிறார். சிலுவையில் தொங்கியவரையும் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனால் 1936இன் ‘சபோடாஜ்’ படத்தில், குண்டென்று தெரியாமல் சுமந்துகொண்டு பஸ்ஸில் போகும் சிறுவன் ஸ்டீவி செத்தே போகிறான். அது தவறு என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்தச் சிறுவனுக்காக அந்த பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. இதற்கு என் விசுவாசம் இன்னும் பதில் தரவில்லை.