தாங்கும் திறன் யாருடையது?

காசாவின் பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்குகிறோம். ஆனால் போருக்குள் வளர்வது ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று அறிய அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. ஆந்திரத்தின் வரதய்யபாளையத்துக்குத் தெற்கே, மாநில எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கும்மிடிப்பூண்டி. அங்கே ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 1983 முதல் 2009 வரை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறை போருக்குள்ளேயே பிறந்து வளர்ந்து ஆளானது. 1995 செப்டம்பரில் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கு நாகர்கோவிலில் பள்ளிப் பிள்ளைகள் மீது குண்டு விழுந்தது. 2006 ஆகஸ்டில் முல்லைத்தீவின் செஞ்சோலை வளாகத்தில் விமானத் தாக்குதலுக்கு மாணவிகள் பலியானார்கள். விடுதலைப் புலிகளோ படிக்கிற வயதுப் பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். வானத்தையும் நம்ப முடியாது, வாசலுக்கு வருகிறவரையும் நம்ப முடியாது. பெரியவர்கள் தன்னைக் காப்பார்கள் என்ற நம்பிக்கைதான் இப்படி வளரும் பிள்ளை இழப்பவற்றுள் ஆகப் பெரியது.

'பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், எதையும் தாங்குவார்கள்' என்பது நல்ல மனத்தோடு சொல்லப்படும் ஆறுதல்; அதில் பாதி உண்மையும் உண்டு. இலங்கையின் போர்ப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 92 விழுக்காட்டினர் குண்டுவீச்சு, உறவினரின் சாவு போன்ற கொடுமைகளைக் கண்டிருந்தார்கள். ஆனால் போர் அதிர்ச்சி நோயாக நிலைத்தது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு. மற்ற மூவர் மீண்டார்களே என்று இதைப் படிக்கலாம். ஆனால் நோயுற்ற அந்த ஒருவருக்கு நினைவாற்றலும் படிப்பும் குன்றின. மற்றவர்களோடு பழகுவதும் குறைந்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல்லாண்டுகளாகச் சொல்லி வருவது, போர் தனி மனத்தை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைக்கிறது என்பது. அப்படியானால் பிள்ளையின் தாங்கும் திறன் பெருமளவு அதன் வீட்டிலும் ஊரிலும் பள்ளியிலும் இருக்கிறது. அவற்றை இடித்துவிட்டுப் பிள்ளையின் மனவுறுதியைப் புகழ்வது, நம் கடமையை அதன் தோளில் ஏற்றுவதாகும்.

'காசா, இஸ்ரேல் என இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா?' என்று கேட்பார்கள். துன்பத்தின் அளவு ஒன்றல்ல. காசாவின் அழிவும் இஸ்ரேலின் ஸ்டெரோட்டில் ராக்கெட் எச்சரிக்கை கேட்டுப் பதுங்கறைக்கு ஓடும் பிள்ளையின் அச்சமும் சமமென்று யாரும் சொல்ல வேண்டாம். பழியைப் பெரியவர்களிடையே பகுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பிள்ளையும் அதில் பங்குதாரர் அல்ல. 'நீதி கிடைக்காமல் பள்ளி மட்டும் என்ன செய்துவிடும்?' என்ற கேள்வி இன்னும் வலுவானது. 2009 ஆகஸ்டில், போரிலிருந்து வெளியேறிய தமிழர்களை முட்கம்பிக்குள் வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமிலும் மாணவர்கள் உயர்தரத் தேர்வு எழுதினார்கள். நாளை என்று ஒன்று உண்டு என அந்தத் தேர்வு சொல்லியிருக்கும். அந்த நாளையை மெய்யாக்கப் பள்ளியால் மட்டும் முடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்ற பதிலும் சட்டம் தரும் பாதுகாப்பும் வேண்டும். ஈழத்துக்கு வெளியே நம் கையிலும் ஒரு பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்து, இங்கேயே பட்டம் பெற்றும் குடியுரிமை இல்லாமல் நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குக் குடியுரிமை கேட்பது, பெரியவர்கள் உடைத்த நம்பிக்கையைப் பெரியவர்களே திருப்பிக் கொடுக்கும் வழி.